வேதியியல் ஆசிரியை ஆலோசகர் ஆனது: சேலத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் ஆசிரியை ஆலோசகர் படிப்புக்காக என்னிடம் இன்டர்ன்ஷிப் செய்தவர். எழுதி முடித்ததை அவரிடம் கொடுத்தேன். இரண்டு இடங்களை மாற்றச் சொன்னார், அப்புறம் "சரி, போடுங்க மேடம்" என்றார். மாணவிகளைப் பற்றிய பகுதிகளில் வயது, ஊர், குடும்ப விவரம் எல்லாவற்றையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். பள்ளியின் பெயரும் விடுதியின் பெயரும் தேவையில்லை.

பின்னணி

2021இல் ஆசிரியைக்கு வயது 39. எம்.எஸ்சி. வேதியியல், பி.எட். ஏற்காடு அடிவாரத்தை ஒட்டிய ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் 13 வருடமாக மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்திவந்தார். கணவர் கொண்டலாம்பட்டிப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கிறார். தறி ஓடுகிற மாதம் ஓடும், நிற்கிற மாதம் நிற்கும். மாதம் பிறந்தால் கைக்கு வரும் என்று நம்பக்கூடியது ஆசிரியையின் சம்பளம் மட்டும்தான். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. "வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் முழுநேரமாகப் படியுங்கள்" என்ற யோசனையை அவரிடம் சொல்லாதவர்கள் கிடையாது. அந்தச் சம்பளத்துக்கு மாற்று என்னவென்று சொன்னவர் ஒருவரும் இல்லை.

அந்த வருடம் செப்டம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டில் 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் மறுபடி திறந்தன. ஒன்றரை வருடம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முகக்கவசத்தைக் கழற்றச் சொன்னால் அழுதவர்கள் இருந்தார்கள். வீட்டில் சாவு நடந்து, அதை யாரிடமும் சொல்லாமலே வந்தவர்களும் இருந்தார்கள். பள்ளியின் பழைய ஆலோசகர் ஊரடங்கின்போதே வேலையை விட்டுப் போயிருந்தார். சி.பி.எஸ்.இ.யின் 2018ஆம் ஆண்டு இணைப்பு விதிகளின்படி மேல்வகுப்புகள் உள்ள பள்ளியில் ஆலோசகர் இருந்தாக வேண்டும் என்றிருந்தது. 9 முதல் 12 வரை 300 பேருக்குக் குறைவாக இருந்தால் மட்டும் பகுதிநேரமாக வைத்துக்கொள்ள அப்போது அனுமதி இருந்தது. இந்தப் பள்ளியில் அதைவிட அதிகம்.

முதல்வர் ஆசிரியையைக் கூப்பிட்டார். "பிள்ளைங்க உங்ககிட்டதான் ஒட்டுதலா இருக்காங்க. நீங்களே பார்த்துக்கங்க டீச்சர்." வேதியியல் ஆய்வகத்துக்குப் பக்கத்து அறை காலியாக இருந்ததும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம். கதவில் 'கவுன்சிலிங் ரூம்' என்று பலகை மாட்டினார்கள்.

அந்தப் பலகை படுத்திய பாடு தனி. நம்மூரில் கவுன்சிலிங் என்றால் இன்ஜினியரிங் சீட்டு. ஆசிரியர்களுக்கோ அது பணியிட மாறுதல். முதல் மாதம் கதவைத் தட்டியவர்களில் பாதிப் பேர் கட்-ஆஃப் மதிப்பெண்ணோடு வந்த அப்பாக்கள். "இவங்கதான் நம்ம ஸ்கூல் கவுன்சிலர்" என்று அறிமுகம் செய்தபோது ஒரு பாட்டி, "எந்த வார்டுங்க?" என்று கேட்டிருக்கிறார்.

நடந்த தவறு

நவம்பரில் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி வந்தாள். தீபாவளிக்குப் பிறகு அப்பா வீட்டுக்கு வரவில்லை என்றும் அவருக்கு வேறு ஒரு குடும்பம் இருப்பது தெரியவந்துவிட்டது என்றும் சொன்னாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மிஸ்" என்றாள். ஆசிரியை சத்தியம் செய்தார்.

மறுநாள் ஆசிரியர் அறையில் வகுப்பாசிரியை அந்தப் பெண்ணைத் திட்டிப் பேசிக்கொண்டிருந்தார்: ரெக்கார்டு வைக்கவில்லை, திமிர், இப்படி. இவருக்குப் பொறுக்கவில்லை. "பாவம், அவ வீட்டுல பிரச்சினை, விடுங்க" என்று ஆரம்பித்தவர் இரண்டே நிமிடத்தில் முழுக்கச் சொல்லிவிட்டார். பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்ற எண்ணம்தான். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அது மூன்று வகுப்புகளுக்குப் போயிருந்தது. வகுப்பாசிரியை அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுத் தலையைத் தடவி, "எல்லாம் சரியாயிடும் கண்ணு" என்றிருக்கிறார். அந்தத் தடவலில்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

மாணவி அதற்குப் பிறகு அந்த அறைப் பக்கம் வரவில்லை. வேதியியல் வகுப்பிலும் தலை நிமிரவில்லை. வருட முடிவில் வேறு பள்ளிக்கு மாறிப் போனாள். அவள் மாறியது இதனால்தானா என்பது தெரியாது. ஆசிரியை அப்படித்தான் நம்புகிறார். நான் அதை மறுத்துப் பேசியதில்லை.

அவர் படிக்கக் கிளம்பியதற்கு இதுதான் காரணம். பதவி உயர்வு, கூடுதல் சம்பளம் எதுவும் பேச்சிலேயே இல்லை. இன்றுவரை அவர் வாங்குவது முதுநிலை ஆசிரியர் சம்பளம்தான்.

என்னென்ன வழிகள் இருந்தன

நம் நாட்டில் பள்ளி ஆலோசகருக்கு என்று தனி உரிமம் கிடையாது. அமெரிக்காவில் அந்தந்த மாநிலத்தின் சான்று இல்லாமல் அரசுப் பள்ளியில் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. அங்குள்ள பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவர்களுக்கு ஒருவர் வேண்டும் என்று கேட்கிறது. இங்கே 'சான்று பெற்ற ஆலோசகர்' என்று ஒருவர் போட்டுக்கொண்டால், எந்தச் சான்று, யார் கொடுத்தது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்ற பட்டம் வேறு. அதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு விசிட்டிங் கார்டு அச்சடிப்பவர்கள் சேலத்திலும் இருக்கிறார்கள்.

சி.பி.எஸ்.இ. விதி கேட்டது இவ்வளவுதான்: உளவியலில் இளநிலை அல்லது முதுநிலைப் பட்டம், இல்லையென்றால் குழந்தை வளர்ச்சியில் முதுநிலை, அதுவும் இல்லையென்றால் ஏதாவது ஒரு பட்டத்தோடு வழிகாட்டல்-ஆலோசனையில் டிப்ளமோ.

கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகத்திலேயே உளவியல் துறை இருக்கிறது. வீட்டிலிருந்து பஸ் தூரம்தான், ஆனால் முழுநேரப் படிப்பு. மைசூருவில் என்.சி.இ.ஆர்.டி.யின் மண்டலக் கல்வி நிறுவனம் நடத்தும் டிப்ளமோ, வேலையில் இருக்கும் ஆசிரியர்களை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டது. ஒரு வருடம், மூன்று கட்டம்: முதலில் தொலைவிலிருந்து படிப்பு, நடுவில் நேரில் போய்த் தங்கிப் பயிற்சி, கடைசியில் சொந்த ஊரில் இன்டர்ன்ஷிப். என்னைக் கேட்டால் ஆசிரியர்களுக்கு இதுதான் பொருத்தம். நடுக் கட்டத்துக்குப் பள்ளி விடுப்புத் தரவில்லை. மாமியாருக்கு அந்த வருடம்தான் கண் அறுவை சிகிச்சை. அது போயிற்று.

வார இறுதியில் ஆறே வகுப்பில் சான்றிதழ் தரும் இடங்களும் இருந்தன. சான்றிதழ் நல்ல கெட்டியான காகிதம்.

மிஞ்சியது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. உளவியல். எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் அப்போது சேர முடிந்தது. குறைந்தது இரண்டு வருடம், இழுத்தால் நான்கு வருடம். இரண்டாம் வருடத்தில் ஆலோசனை உளவியலைச் சிறப்புப் பாடமாக எடுக்க முடிந்தது. 2022 ஜனவரிப் பருவத்தில் சேர்ந்தார்.

படிப்பு

இதைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் படிப்பு. ஒப்படைப்புகளைக் கையால் எழுத வேண்டும். ஆசிரியை ஆயிற்றே, எழுத்து முத்து முத்தாக இருக்கும். வேதியியல் படித்தவர் என்பதால் புள்ளியியல் தாள் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆளுமைக் கோட்பாடுகள்தான் கழுத்தைப் பிடித்தது. "ஒரே மனுஷனுக்கு ஏழு பேர் ஏழு விதமா விளக்கம் சொல்றாங்க, எது சரின்னு கடைசி வரைக்கும் சொல்ல மாட்டேங்கறாங்க" என்பார். செய்முறைத் தாளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்ப் படிப்பு மையத்துக்குப் போய் வந்தார்.

பாடம் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழில் இல்லை. இதை ஒரு குறையாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம், ஆனால் வேலையில் இறங்கியதும் இதுதான் பெரிய தலைவலி ஆயிற்று. பாடப் புத்தகத்தில் பதற்றம், மனச்சோர்வு, இழப்புத் துயரம் என்று தனித்தனி அத்தியாயங்கள். நம் பிள்ளைகளிடம் இருப்பதோ ஒரே வாக்கியம்: "ஒரு மாதிரியா இருக்குங்க மிஸ்."

அந்த 'ஒரு மாதிரி'யைப் பிரிக்க அவர் ஒரு நோட்டுப் போட்டார். எங்கே ஒரு மாதிரி இருக்கிறது, நெஞ்சிலா, வயிற்றிலா, தலையிலா? காலையிலா, ராத்திரியிலா? அந்த நேரத்தில் என்ன செய்யத் தோன்றும்? வயிற்றில் என்று சொன்ன பிள்ளைகளில் பலருக்குப் பரீட்சை பயம். நெஞ்சைத் தொட்டு "அடைச்ச மாதிரி" என்றவர்கள் பெரும்பாலும் யாரையோ இழந்தவர்கள். "எதுவுமே தோணல" என்றவர்களைத்தான் உடனே கவனிக்க வேண்டியிருந்தது. நோட்டில் 40 பக்கம் ஆன பிறகு எனக்குக் காட்டினார். இது அறிவியல்பூர்வமான கருவி ஒன்றும் இல்லை, அவருக்கும் அது தெரியும். ஆனாலும் புதிதாக வருகிற பயிற்சி மாணவர்களுக்கு இப்போதும் அதன் நகலைத்தான் கொடுக்கிறேன்.

இன்டர்ன்ஷிப்: ஏன் மலைக்கு அனுப்பினேன்

2023 செப்டம்பரில் அஸ்தம்பட்டியில் உள்ள என் அறைக்கு வந்தார். எம்.ஏ. படிப்புக்கான இன்டர்ன்ஷிப்பைத் தன் பள்ளியிலேயே செய்துவிடலாம், அறையும் இருக்கிறது, பிள்ளைகளும் இருக்கிறார்கள், நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்பது அவர் திட்டம். முடியாது என்றேன்.

பிளஸ் டூ மாணவனுக்கு அகமதிப்பீட்டு மதிப்பெண் போடுகிற அதே ஆள், "உன் மனசுல இருக்கறதைச் சொல்லு" என்றால் அவன் என்ன சொல்வான்? மதிப்பெண்ணுக்கு எது நல்லதோ அதைச் சொல்வான். இரண்டு நாற்காலியிலும் ஒரே ஆள் உட்கார்ந்தால் இரண்டும் கெடும். ஆலோசகர்களின் நெறிமுறைகளில் இரட்டை உறவு என்று இதைத் தவிர்க்கச் சொல்வார்கள். நம் பள்ளிகளிலோ இதுதான் வழக்கமான ஏற்பாடு.

சேர்வராயன் மலையில் பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு விடுதி எனக்குப் பழக்கம். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. அவர் கையில் மதிப்பெண் இல்லை, பிரம்பு இல்லை, வேதியியலும் இல்லை. சனிக்கிழமை தோறும் போகச் சொன்னேன். காலையில் முதல் பஸ், 20 கொண்டை ஊசி வளைவு. முதல் இரண்டு வாரமும் வாந்தி எடுத்துவிட்டுத்தான் இறங்கினார். மூன்றாம் வாரம் நடத்துநரே எலுமிச்சம்பழம் கொடுத்தாராம். மொத்தம் 14 சனிக்கிழமைகள்.

ஒவ்வொரு அமர்வுக்கும் சொல்லுக்குச் சொல் பதிவு எழுத வேண்டும் என்பது என் நிபந்தனை. ஒலிப்பதிவு கூடாது. அமர்வு முடிந்ததும் நினைவிலிருந்து எழுத வேண்டும்: பிள்ளை என்ன சொன்னது, நீங்கள் என்ன சொன்னீர்கள். முதல் பதிவிலிருந்து ஒரு துண்டு:

மாணவி: லீவு விட்டாக்கூட வீட்டுக்குப் போகப் பிடிக்கல டீச்சர்.
ஆசிரியை: அப்படியெல்லாம் சொல்லக்கூடாது கண்ணு. அப்பா அம்மா யாருக்காகக் கஷ்டப்படறாங்க?
மாணவி: எனக்காகத்தான்.
ஆசிரியை: அப்ப நாம என்ன செய்யணும்?
மாணவி: நல்லாப் படிக்கணும்.
ஆசிரியை: வெரி குட்.

முழுப் பதிவையும் எண்ணிப் பார்த்தோம். ஆசிரியை பேசியது 31 தடவை. அதில் அறிவுரை 9. 'ஆமாம்', 'இல்லை' என்று முடிந்துபோகிற கேள்வி 12. தன் சின்ன வயதுக் கதை இரண்டு. ஒரு திருக்குறள். பிள்ளை பேசியதை அப்படியே பிடித்துக்கொண்டு மேலே கேட்டது ஒரு இடம், அதுவும் "என்ன சொன்னே, சத்தமா சொல்லு" என்பது.

சிவப்புப் பேனாவில் நான் எழுதியது ஒரே வரிதான், "பிடிக்கல" என்ற சொல்லுக்குப் பக்கத்தில்: "வீட்டில் என்ன பிடிக்கவில்லை?" அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "இதைக் கேட்கணும்னே எனக்குத் தோணல மேடம். 'வெரி குட்' சொன்னப்ப எனக்கு சந்தோஷமாகூட இருந்துச்சு" என்றார்.

இத்தனை வருடம் வகுப்பறையில் நின்றவருக்கு மௌனம் என்றால் மாணவனுக்குப் பதில் தெரியவில்லை என்று அர்த்தம். உடனே எடுத்துக் கொடுக்க வாய் துடிக்கும். அந்தப் பழக்கத்தை எந்தத் தாளிலும் கேள்வியாகக் கேட்பதில்லை. அவர் முதலாம் ஆண்டில் நல்ல மதிப்பெண் வாங்கியவர், செவிமடுத்தல் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்விக்கு அழகாகப் பதில் எழுதியவர். ஐந்தாவது சனிக்கிழமைப் பதிவில் அறிவுரை நான்காகக் குறைந்தது. எட்டாவதில் ஒன்று. திருக்குறள் மட்டும் கடைசி வரை அவ்வப்போது தலைகாட்டியது. அதை நானும் விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை வராத மாணவி

நவம்பர் கடைசி. மலையில் காப்பிப் பழம் பறிக்கும் காலம். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போனால் செவ்வாய்க்கிழமைதான் திரும்புகிறாள், வந்தாலும் வகுப்பில் தூங்குகிறாள் என்று விடுதிக் காப்பாளர் இவரிடம் அனுப்பினார். "சோம்பேறிங்க. கொஞ்சம் புத்தி சொல்லி விடுங்க டீச்சர்."

அவள் மலையாளிப் பழங்குடிப் பெண். (கேரளத்துக்காரர்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்.) பெற்றோர் வெளி மாநில எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் பாட்டி. ஞாயிறும் திங்களும் பாட்டியோடு பழம் பறிக்கப் போகிறாள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடந்ததாக ஆசிரியை பதிவில் எழுதியிருந்தார். முதல் அமர்வில் இதற்கு மேல் எதுவும் வரவில்லை. ஆனால் அமர்வைத் தொடங்கும்போது ஆசிரியை சொன்னது முக்கியம். நாங்கள் இருவரும் சேர்ந்து பலமுறை அடித்துத் திருத்திய வாசகம் அது:

"நீ சொல்றது நமக்குள்ளதான் இருக்கும். ஆனா சில விஷயத்தை மட்டும் என்னால மூடி வைக்க முடியாது. உன் உயிருக்கு ஆபத்து, இல்ல இன்னொருத்தர் உயிருக்கு ஆபத்து, இல்ல பெரியவங்க யாராவது சட்டப்படி கூடாததை உனக்குப் பண்றாங்க. அப்படின்னா நான் சொல்லித்தான் ஆகணும். ஆனா யாருகிட்ட, என்ன சொல்லப்போறேன்னு முதல்ல உன்கிட்டதான் சொல்லுவேன்."

2021இல் செய்த சத்தியத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்பது பள்ளி ஆலோசகர் கொடுக்கக் கூடாத வாக்கு. போக்சோ சட்டம், 2012 இருக்கிறது. ஒரு குழந்தைக்குப் பாலியல் தீங்கு நடந்தது தெரிந்தும் தெரிவிக்காமல் விட்டால் அதன் 21ஆம் பிரிவின்படி அதுவே குற்றம். இது எதுவும் தெரியாமல்தான் அன்றைக்குச் சத்தியம் செய்தார். தெரிவிக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒன்றை ஆசிரியர் அறையில் போட்டு உடைத்ததும் அந்தச் சத்தியத்துக்குப் பிறகுதான்.

மூன்றாவது அமர்வில் பெண் சொன்னாள். தை பிறந்ததும் பரிசம் போடப் போகிறார்கள். மாமன் மகன், வயது 24. பரீட்சை வரை பொறுக்கச் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். பரிசத்தை முடித்துவிட்டுப் பரீட்சை எழுதிக்கொள் என்றிருக்கிறார்கள். கல்யாணம் சித்திரையில். அவளுக்கு வயது 15.

பதிவில் இந்த இடத்துக்குக் கீழே ஆசிரியை ஒரு கோடு போட்டு, "4 நிமிடம் இருவரும் பேசவில்லை" என்று எழுதியிருக்கிறார். நான் பார்த்த அவருடைய பதிவுகளிலேயே சிறந்த வரி அது.

அப்புறம் அவர் சொன்னாராம்: "முதல் நாள் சில விஷயம் சொன்னேன் இல்ல, ஞாபகம் இருக்கா? இது அதுல வருது கண்ணு." பெண்ணுக்கு முகம் மாறிவிட்டது. "எங்க பாட்டியைப் போலீஸ் பிடிக்குமா?" என்பது அவள் கேட்ட முதல் கேள்வி. யாரிடம் சொல்லப்போகிறார், அவர்கள் வந்து என்ன கேட்பார்கள், பாட்டியிடம் யார் பேசுவார்கள் என்று தெரிந்தவரை விளக்கினார். தெரியாததைத் தெரியாது என்றார். காப்பாளரிடம் என்ன சொல்லலாம், என்ன சொல்ல வேண்டாம் என்று அவளிடமே கேட்டுக் குறித்துக்கொண்டார். பரிசம் மட்டும், மாப்பிள்ளை பெயர் வேண்டாம் என்றாள்.

காப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை. "இது அவங்க ஊர் வழக்கம். நாளைக்கு ஒரு பிள்ளையையும் விடுதிக்கு அனுப்ப மாட்டாங்க." அந்தப் பயம் பொய் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸிலிருந்தே ஆசிரியை எனக்கு போன் செய்தார். வளைவுக்கு வளைவு சிக்னல் போய்ப் போய் வந்தது. அன்று ராத்திரி குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குத் தெரிவித்தோம். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006இன்படி 18 வயதுக்குக் கீழே பெண்ணுக்குக் கல்யாணம் கூடாது. தமிழ்நாட்டில் மாவட்ட சமூகநல அலுவலர்தான் அதற்குத் தடுப்பு அலுவலர். அந்த வாரத்திலேயே ஆட்கள் ஊருக்குப் போய்ப் பேசினார்கள். பெற்றோர் வந்து எழுதிக் கொடுத்தார்கள். பரிசம் நின்றது.

பெண் மூன்று வாரம் ஆசிரியையோடு பேசவில்லை. அவர் வந்தால் துணி துவைக்கும் கல் பக்கம் போய் நின்றுகொள்வாள். நான்காவது வாரம் வந்து உட்கார்ந்து, "நீங்க முன்னாடியே சொல்லிட்டுத்தான் சொன்னீங்க" என்றாள். அவ்வளவுதான் அன்றைய அமர்வு. பாட்டிக்குக் கோபம் ஆறவில்லை. பொங்கல் கழிந்து ஒருநாள் ஏற்காடு பஸ் நிறுத்தத்தில் ஆசிரியையைப் பார்த்தவர், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாராம். பெண் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதினாள், கணக்கில் தவறி, துணைத்தேர்வில் தேறினாள். அதற்குப் பின் என்ன ஆனாள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

பள்ளிக்குத் திரும்பிய பிறகு

2024 நடுவில் பட்டம் கைக்கு வந்தது. பள்ளியில் ஒரு சால்வை போட்டார்கள். ஆசிரியை மூன்று கோரிக்கைகளை எழுதிக்கொண்டு போனார். தான் பார்க்கும் வகுப்புகளுக்குப் பாடம் நடத்தக் கூடாது, மதிப்பெண் போடக் கூடாது. அறையை ஆய்வகப் பக்கத்திலிருந்து மாற்ற வேண்டும், ஏனென்றால் அங்கே போகிறவரை மொத்த காரிடாரும் பார்க்கிறது. பெயர்ப் பலகையை எடுக்க வேண்டும்.

பலகையை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். அறை நூலகத்துக்குப் பின்னால் போனது. புத்தகம் எடுக்கப் போகிற மாதிரி போய்விடலாம். முதல் கோரிக்கையில் பாதிதான் நடந்தது. பிளஸ் டூ வேதியியலுக்குப் புது ஆள் கிடைக்கவில்லை என்று அந்த ஒரு வகுப்பை இன்றும் அவரே எடுக்கிறார். அந்த வகுப்புப் பிள்ளைகள் பேச வேண்டுமென்றால் 14416க்கு, அதாவது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு, அழைக்கச் சொல்லியோ என் அறைக்கோ அனுப்புகிறார். (பக்கத்து எண்ணான 14417 நம் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண். இரண்டையும் மாற்றி அடித்து இரண்டு பக்கமும் உதவி வாங்கிய கெட்டிக்காரன் ஒருவன் இருக்கிறான்.) மருந்து தேவைப்படும் என்று தோன்றினால் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வழி சொல்கிறார். தன் எல்லை எது என்று தெரிந்திருப்பதில் அவர் பல மூத்தவர்களைவிடக் கறார்.

2025 ஜூலையில் மூடிய கதவு

அதே பள்ளியின் தமிழாசிரியை ஒருவர் இவரைப் பார்த்து இதே வழியில் வர நினைத்தார். 2025 ஜூலைப் பருவத்தில் சேருவதாக இருந்தார். அந்த ஜூலை 23ஆம் தேதி பல்கலைக்கழக மானியக் குழு கூடி, உளவியல் உட்பட, துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் இனி நடத்தக் கூடாது என்று முடிவெடுத்தது. ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. நடுவில், ஜூலை 25ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் மாணவர் தற்கொலைகள் தொடர்பான ஒரு வழக்கில் நாட்டில் உள்ள கல்வி நிறுவனங்களுக்கு வழிகாட்டு நெறிகள் கொடுத்தது: 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் இடத்தில் தகுதியுள்ள ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும்.

ஆள் வேண்டும் என்ற உத்தரவுக்கும் ஆள் உருவாகும் ஒரு வழியை அடைத்த முடிவுக்கும் இடையில் இரண்டே நாள்.

மானியக் குழு செய்தது தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் ஆசிரியையே அதற்குச் சாட்சி. இரண்டு வருடத் தபால் படிப்பு முடியும்போதும் அவர் "வெரி குட்" சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அவரை மாற்றியது 14 சனிக்கிழமையும் சிவப்புப் பேனாவும். அதே படிப்பில் சேர்ந்து, இன்டர்ன்ஷிப் அறிக்கையைக் காசு கொடுத்து எழுதி வாங்கியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் விசைத்தறி வீட்டுச் சம்பளக்காரிக்கும் ஆத்தூர் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியருக்கும் வேறு எந்த வழியும் அந்த நேரத்துக்குத் திறந்திருக்கவில்லை. படிப்பை நிறுத்தியதற்குப் பதிலாக, மேற்பார்வையோடு கூடிய நேர்முகப் பயிற்சியைக் கட்டாயமாக்கி, அதை சேலம் மாதிரி ஊர்களிலேயே நடத்தியிருக்கலாம் என்பது என் கட்சி. மாலைநேர வகுப்பு, சனி ஞாயிறு பயிற்சி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் படிக்கிற மேற்பார்வையாளர்கள். செலவு பிடிக்கும்தான்.

தமிழாசிரியை இப்போது மைசூரு டிப்ளமோவுக்கு விண்ணப்பம் தயார் செய்கிறார். விடுப்புப் பேச்சுவார்த்தை பள்ளியோடு நடந்துகொண்டிருக்கிறது. வேதியியல் ஆசிரியை தன் முதல் பதிவின் நகலை, மாணவியின் அடையாளங்களை அடித்துவிட்டு, அவருக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறார். படித்துவிட்டு அவர், "திருக்குறள் பொருத்தமாத்தானே இருக்கு?" என்று கேட்டாராம்.

தற்போதைய நிலை

ஒரு விஷயம் இன்னும் முடியவில்லை. வருடா வருடம் ஆய்வுக்கு ஆட்கள் வரும்போது ஆலோசனைப் பதிவேட்டைக் காட்ட வேண்டும் என்று பள்ளி நிர்வாகம் கேட்கிறது: மாணவர் பெயர், வகுப்பு, பிரச்சினை, எடுத்த நடவடிக்கை. ஆசிரியை தருவது ஒரே தாள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை அமர்வு, எத்தனை பேரை வெளியே அனுப்பினோம், எத்தனை விஷயம் சட்டப்படி தெரிவிக்கப்பட்டது. பெயர்கள் இருக்கும் நோட்டு அவருடைய அலமாரியில், சாவி அவருடைய கைப்பையில். போன ஆய்வின்போது முதல்வர், "என்னை நம்பமாட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டார். "உங்களை நம்பறேன் சார், ஆசிரியர் அறையைத்தான் நம்பல" என்றிருக்கிறார் இவர். அடுத்த ஆய்வு வருகிறது. கடிதம் மறுபடி வந்திருக்கிறது. தாளில் எண்களை நிரப்பி வைத்திருக்கிறார்.